5 நரியும் ஒரு மணி நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, க்ரிஸ்டலா கோடா?

புது_நரி:

எல்லாருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது, சின்னப்புள்ளத்தனமா கேட்டா பொறுத்துக்கங்க. நரி வேட்டைக்கு, அதாவது காட்டுல ஒளிச்சு வச்ச டிரான்ஸ்மிட்டர ரிசீவர் வச்சு திசை பாத்து தேடற ஆட்டத்துக்கு, 80 மீட்டர் பேண்டுல 5 டிரான்ஸ்மிட்டர் (அதுங்கதான் நரி) நானே கட்டியிருக்கேன். ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு 328 மைக்ரோகன்ட்ரோலர் சிப் போர்டு, எஸ்ஐ5351 ஆசிலேட்டர், அப்புறம் சின்னதா ஒரு பிஏ (பவர் ஆம்ப்ளிஃபையர்), 3 வாட் கிட்ட வரும். பவர் ரெண்டு லித்தியம் செல், பழைய லேப்டாப் பேட்டரியில உருவினது, அதுலேர்ந்து 7805 ரெகுலேட்டர் வழியா போர்டுக்கு 5 வோல்ட்.

வழக்கமான கிளாசிக் ஆட்டம்தான், மோர்ஸ்ல 1ஆம் நரி எம்ஓஈ, 2 எம்ஓஐ, 3 எம்ஓஎஸ், 4 எம்ஓஎச், 5 எம்ஓ5. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் அடிச்சிட்டு நாலு நிமிஷம் வாய மூடிட்டு இருக்கணும். ஸ்பீட் நிமிஷத்துக்கு 10 வார்த்தை.

கோடு ரொம்ப சிம்பிள். பவர் வந்ததும் தன்னோட நம்பருக்கு ஏத்த மாதிரி காத்திருக்கும், 1 உடனே ஆரம்பிக்கும், 2 ஒரு நிமிஷம் கழிச்சு, 3 ரெண்டு நிமிஷம் கழிச்சு இப்படி. அப்புறம் ஒரு லூப், 60 செகண்ட் ஆகாத வரைக்கும் எம்ஓஈ-யை திரும்ப திரும்ப அடி. வெளிய வந்ததும் 240 செகண்ட் டிலே. மறுபடி மொதல்லேர்ந்து. அஞ்சு பேர் நின்னு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்துல சுவிட்ச் போட்டோம், போட்டுட்டு ஆளுக்கு ஒரு டப்பாவ தூக்கிட்டு காட்டுக்குள்ள ஓடினோம்.

மேசை மேல 10 நிமிஷம் ஓட்டிப் பாத்தப்ப நல்லாதான் இருந்துச்சு, நடுவுல லேசா ஒரு இடைவெளி கேட்டுச்சு, நான் பெருசா எடுத்துக்கல. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல 3 முடிஞ்சதும் முக்கா நிமிஷம் கிட்ட ஒரு சத்தமும் இல்ல, அப்புறம்தான் 4 வருது, 4 முடியறதுக்குள்ள 5 உள்ள பூந்துடுது, 5ம் 1ம் கூட அடிச்சிக்குது. ஒண்ணரை மணி நேரத்துல இன்னொரு கூத்து, 2ஆம் நரி தன் நேரத்துல காணவே காணோம், 3 அடிக்கிற நேரத்துல கூடவே கத்துது. ஓடினவங்க என்ன திட்டினத இங்க எழுத முடியாது.

கூட இருக்கறவங்க எல்லாரும் க்ரிஸ்டல் ட்ரிஃப்ட்னு சொல்றாங்க. 5 போர்டையும் மாத்திடவா?


சாலிடர்_புகை:

போர்டுல எது க்ளாக் குடுக்குதுன்னு மொதல்ல பாருங்க நண்பா. பல போர்டுல பளபளன்னு வெள்ளி டப்பா மாதிரி இருக்கற க்ரிஸ்டல் யுஎஸ்பி சிப்புக்கு, மெயின் சிப்புக்கு பக்கத்துல கடுகு சைஸ்ல மூணு கால் ரெசொனேட்டர்தான் இருக்கும். ரெசொனேட்டர்னா அரை சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், அரை சதவீதம்னா மணிக்கு 18 செகண்ட். க்ரிஸ்டலா இருந்தா 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) தப்புன்னு வச்சுக்கிட்டாலும் மணிக்கு 72 மில்லிசெகண்ட்தான், அது யார் காதுலயும் விழாது. தப்பித்தவறி சிப்போட உள் ஆசிலேட்டர்ல ஓட்டுறீங்கன்னா பேச்சே வேணாம், அதுக்கு கம்பெனியே 10 சதவீதம் வரைக்கும்னுதான் எழுதியிருக்கான், மணிக்கு 6 நிமிஷம்!


நரிக்காது:

தம்பி போர்டை மாத்தாத. க்ரிஸ்டல் மேல பழி போடறதுக்கு முன்னாடி உன் லூப்ப ஒரு தடவ பேப்பர்ல கணக்கு போட்டு பாரு. நான் போட்டேன், டீ ஆறிப்போச்சு.

10 வார்த்தை ஸ்பீட்னா ஒரு டிட், அதாவது மோர்ஸ் புள்ளி, 120 மில்லிசெகண்ட், அதுதான் ஒரு யூனிட். எம் 7 யூனிட், எழுத்து இடைவெளி 3, ஓ 11, இடைவெளி 3, ஈ 1, கடைசில வார்த்தை இடைவெளி 7. மொத்தம் 32 யூனிட், அதாவது 3.84 செகண்ட். இப்ப உன் லூப் 60 செகண்ட் ஆச்சான்னு எப்ப பாக்குது? ஒரு முழு எம்ஓஈ அடிச்சு முடிச்சப்புறம்தான் பாக்குது. 15 தடவ அடிச்சா 57.6, இன்னும் 60 ஆகல, சரி இன்னொண்ணு அடின்னு போயி 61.44-ல வெளிய வரும். அதுக்கு மேல நீ 240 டிலே போடற. ஆக உன் 5 நிமிஷ சுத்து 301.44 செகண்ட். மத்ததும் இதே கதைதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேற அளவு. எம்ஓஐ 34 யூனிட், 61.2-ல முடியும். எம்ஓஎஸ் 36 யூனிட், 60.48, கிட்டத்தட்ட தப்பிச்சுது. எம்ஓ5 40 யூனிட், 62.4. எம்ஓஎச் இருக்கு பாரு, 38 யூனிட், 4.56 செகண்ட், 13 தடவைக்கு 59.28 ஆகுது, மயிரிழைல 60-ஐ தொடல, உடனே இன்னொரு முழு வார்த்தை, 63.84!

மணிக்கு 12 சுத்து. 1ஆம் நரி 17 செகண்ட் பின்தங்கும், 2 வந்து 14, 3 வெறும் 6, 4 வந்து 46, 5 வந்து 29. இப்ப நீ எழுதினத திரும்ப படி. 3 கிட்டத்தட்ட சரியான நேரத்துல முடிக்குது, 4 முக்கா நிமிஷம் லேட்டு, அதான் நடுவுல 40 செகண்ட் மௌனம். 4 லேட்டா வர்றதால 5 மேல 17 செகண்டுக்கு மேல ஏறுது. 5 வந்து 1 மேல ஏறுது. 1-ம் 2 மேல, 2-ம் 3 மேல லேசா ஏறியிருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட. எல்லாம் அப்படியே பொருந்துது. க்ரிஸ்டல் பாவம், அது ஒண்ணும் பண்ணல.

2ஆம் நரி விஷயம் வேற. அது ரீசெட் ஆயிருக்கு. தன் நேரம் வந்துச்சு, மொத டேஷ் அடிச்சுது, போர்டு செத்து எழுந்துச்சு, உன் கோடு படி ஒரு நிமிஷம் காத்திருந்துச்சு, அப்புறம் ஆரம்பிச்சுது. அந்த ஒரு நிமிஷம் கழிச்சுன்னா யாரோட நேரம்? 3ஓட நேரம்.


புது_நரி:

அண்ணே கால்ல விழறேன். என் கோடை பாக்காமலே கோடுல என்ன தப்புன்னு சொல்லிட்டீங்க. இப்ப 240 டிலேக்கு பதிலா, 300-லேர்ந்து எவ்வளவு ஆச்சோ அத கழிச்சு டிலே போட்டா சரியாயிடுமா?


நரிக்காது:

பின்தங்கறது நின்னுடும், ஆனா பக்கத்து நரி மேல ரெண்டு மூணு செகண்ட் ஏறறது அப்படியே இருக்கும், ரீசெட் ஆனா மறுபடி இதே கூத்துதான். தம்பி, உன் டப்பா இப்ப கண்ண கட்டிக்கிட்டு காலடி எண்ணிட்டு நடக்கற மாதிரி நடக்குது. நடுவுல ஒரு அடி தடுக்கினா அப்புறம் எங்க நிக்கறோம்னே தெரியாது. எண்ணவே கூடாது, மணிய பாக்கணும். ஒரு டிஎஸ்3231 ஆர்டிசி மாட்டு, தனி பேட்டரில ஓடற கடிகார சிப் அது. எப்பவும் ஒரே கேள்வி, இப்ப மணி எத்தனை, நிமிஷத்த 5 ஆல வகுத்தா மீதி என்ன. மீதி 0-னா 1ஆம் நரி, 1-னா 2ஆம் நரி. அவ்வளவுதான். காட்டுக்குள்ள பத்து தடவ ரீசெட் ஆனாலும் எழுந்து மணிய பாத்து, ஓ இது என் நிமிஷம்னு பாதிலேர்ந்து அடிக்க ஆரம்பிச்சிடும். எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல.

அப்புறம் லூப்புல 60 ஆச்சான்னு பின்னாடி பாக்காத, வார்த்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இது உள்ள அடங்குமான்னு பாரு. அடங்கலன்னா ஆரம்பிக்காத. கடைசி வார்த்தைக்கு பின்னாடி வர்ற 7 யூனிட் இடைவெளிய கணக்குல சேக்க வேண்டியதில்ல, அதனால எம்ஓஎஸ் 14 தடவ அழகா 59.64-ல முடியும். எம்ஓஈ 15-ஓட நிறுத்திக்கணும், மூணு செகண்ட் சும்மா போகும், போகட்டும். கால்சைன் (உன் ஸ்டேஷனோட அடையாளப் பேர்) அடிக்கணும்னு உன் லைசென்ஸ் விதி சொன்னா 55ஆவது செகண்டுலேர்ந்து 20 வார்த்தை ஸ்பீட்ல அடிச்சு விடு, ஆறு எழுத்து கால்சைன் நாலு அஞ்சு செகண்டுல முடிஞ்சிடும்.

சும்மா ஒரு வேடிக்கை சொல்றேன். 5 வார்த்தைலயும் கீ அமுக்கி இருக்கற நேரம் சரியா பாதி. எம்ஓஈ 32-ல 16, எம்ஓஐ 34-ல 17, எம்ஓ5 40-ல 20. டிட் ஒண்ணு கூடினா அதோட இடைவெளியும் ஒண்ணு கூடுதுல்ல. அதனால 5-ல ஒரு நிமிஷம், அதுல பாதி, சராசரியா பத்துல ஒரு பங்கு நேரம்தான் பிஏ கரன்ட் இழுக்குது. 3 வாட் வெளிய வர பேட்டரி 6 வாட் குடுத்தாலும் சராசரி 0.6 வாட்தான். ஃபினிஷ் பீக்கன் (முடிவு இடத்த காட்டற டிரான்ஸ்மிட்டர்) எம்ஓ-ன்னு அடிச்சுட்டு நிக்காம ஓடும், அதுக்கு தனியா பெரிய பேட்டரி வச்சிடு.


ஒத்த_டைபோல்:

எல்லாத்துக்கும் ஆர்டிசி ஆர்டிசின்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல. நானும் ரொம்ப வருஷமா ஓட்டறேன், க்ரிஸ்டல் இருக்கற போர்டு, டைமர் இன்டர்ரப்டுல செகண்ட் எண்ணுது, கிளம்பறதுக்கு முன்னாடி 5 டப்பாவையும் ஒரு வயர்ல கோர்த்து ஒரே ஒரு பட்டன், அமுக்கினா எல்லாம் ஜீரோ, வயர உருவிட்டு தூக்கிட்டு போயிடுவோம். 4 மணி நேரத்துல கால் செகண்ட், மிஞ்சிப்போனா அரை செகண்ட் விலகும். எதுக்கு இன்னொரு மாட்யூல், இன்னொரு பேட்டரி, இன்னொரு ஐ-டூ-சி இணைப்பு, கெட்டுப்போக இன்னொரு இடம்?


நரிக்காது:

ரீசெட் ஆகாத டப்பாவுக்கு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி நண்பரே. ரீசெட் ஆனா உங்க ஜீரோ எங்க போகும்? யாராவது காட்டுக்குள்ள ஓடிப்போயி வயர மாட்டணும்.


ஒத்த_டைபோல்:

என் டப்பா ரீசெட் ஆகாது. ரீசெட் ஆகாத மாதிரி கட்டணும், அதான் வேல. ரீசெட் ஆனாலும் பரவால்லன்னு கட்டறது சோம்பேறித்தனம்.


நரிக்காது:

சோம்பேறின்னே வச்சுக்கங்க ஹாஹா. ஆனா உங்க ஒரே வயர் ஒரே பட்டன் ஐடியா எனக்கு பிடிச்சிருக்கு, அத ஆர்டிசியோட சேத்துக்கலாம். டிஎஸ்3231-ல செகண்ட் ரெஜிஸ்டர்ல எழுதின உடனே உள்ள இருக்கற கவுன்ட்டர் சங்கிலி மொத்தமும் ஜீரோலேர்ந்து ஆரம்பிக்கும், அப்ப 5 டப்பாவும் பட்டன் அமுக்கின அதே நொடி 00-ன்னு எழுதினா செகண்ட் மட்டும் இல்ல, செகண்டோட ஆரம்பமும் ஒரே இடத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம் 2 பிபிஎம், ஒரு நாளைக்கு 0.2 செகண்ட் கூட விலகாது. முந்தின நாள் ராத்திரியே சிங்க் பண்ணிட்டு தூங்கலாம்.


கேரியர்_காக்கா:

ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிச்சாச்சுன்னா நான் ரீசெட் பத்தி பேசறேன்.

புது_நரி, ஆன்டெனாவுக்கு கவுன்ட்டர்பாய்ஸ் வயர், அதாவது ஆன்டெனாவோட மறுபாதியா தரையில விரிக்கற வயர், எங்க போட்டிருந்தீங்க? டப்பாவ சுத்தி கட்டி வச்சிருந்தா அதான் முத சந்தேகம். 80 மீட்டர்ல நாம ஏத்தற செங்குத்து வயர் அலைநீளத்துல கால்வாசி கூட கிடையாது, அடியில லோடிங் காயில் போட்டுதான் ட்யூன் பண்றோம், அந்த காயில் பக்கத்துல வோல்டேஜ் எகிறும், டப்பா அங்கதான் உக்காந்திருக்கு. ரீசெட் பின்னுக்கு 10கே புல்-அப் ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கப்பாசிட்டர், வெளிய போற ஒவ்வொரு வயருக்கும் ஃபெர்ரைட், போர்டையும் பிஏவையும் தகரத் தடுப்பு போட்டு பிரிச்சு வைங்க. ப்ளாஸ்டிக் டிபன் டப்பாவுல கட்டியிருந்தீங்கன்னா உள்ள காப்பர் டேப் ஒட்டுங்க.

ரெண்டாவது சந்தேகம் உங்க பேட்டரி. ரெண்டு செல்னா 7.4 வோல்ட், 7805-க்கு மேல ரெண்டு வோல்ட் இருந்தாதான் அது ஒழுங்கா வேலை செய்யும், அப்ப 7-க்கு கீழ போகக்கூடாது. உருவின பழைய செல்லுக்கு உள் மின்தடை ஜாஸ்தி, பிஏ திடீர்னு 0.8 ஆம்பியர் இழுத்தா வோல்டேஜ் தரைய தொடும். லோ ட்ராப் அவுட் ரெகுலேட்டர் மாத்துங்க, இல்ல மூணு செல் போடுங்க.

இன்னொண்ணு, யாரும் இத சொல்லல. எஸ்ஐ5351-ஐ நாலு நிமிஷமும் ஆன்லயே விட்டு பிஏவ மட்டும் கீ பண்றீங்களா? அப்படின்னா உங்க நரி சும்மா இருக்கறப்பவும் லேசா ஊளை விட்டுட்டு இருக்கும். பிஏ ஆஃப்ல இருந்தாலும் ட்ரைவர் வழியா கொஞ்சம் கசியும், பக்கத்துல வந்தவன் ரிசீவர் கெயின ஏத்தி வச்சா நாலு நிமிஷம் காத்திருக்காமலே நேரா நடந்து வந்து பிடிச்சிடுவான். எங்க ஆட்டத்துல ஒருத்தர் 3ஆம் நரிய அதோட நிமிஷமே இல்லாதப்ப ரெண்டு தடவ பிடிச்சாரு, காது பெருசுன்னு நெனச்சோம், அப்புறம்தான் தெரிஞ்சது கசிவு. அதுக்காக ஒவ்வொரு டிட்டுக்கும் ஆசிலேட்டர ஆன் ஆஃப் பண்ணாதீங்க, குருவி மாதிரி கீச்சுன்னு சத்தம் வரும். தன் நிமிஷம் தொடங்க ஒரு செகண்ட் முன்னாடி ஆசிலேட்டர் ஆன், நிமிஷம் முடிஞ்சதும் அவுட்புட்ட ரெஜிஸ்டர் வழியா ஆஃப், நடுவுல பிஏ மட்டும் கீ. கீயிங்கும் சட்டுனு வெட்டாம 5 மில்லிசெகண்ட்ல ஏறி இறங்கணும், இல்லன்னா கிளிக் சத்தம் பேண்டு முழுக்க தெறிக்கும்.


சாலிடர்_புகை:

மொதல்ல க்ரிஸ்டல்னு சொல்லி மொக்க வாங்கிட்டேன், இப்ப ஒரு உருப்படியான விஷயம் சொல்லிடறேன். ஆர்டிசிய செட் பண்ண சிலர் ஜிபிஎஸ் மாட்யூல் வச்சு பண்ணுவாங்க, நானும் பண்ணேன், மாட்டினேன். 4 டப்பா கச்சிதமா இருந்துச்சு, 5ஆவது ரெண்டு செகண்ட் தள்ளி நின்னுச்சு. ஒரு வாரம் கோடை நோண்டினேன். கடைசில பாத்தா ஜிபிஎஸ் நேரத்துக்கும் யூடிசிக்கும் (உலக நேரம்) நடுவுல லீப் செகண்ட் வித்தியாசம் இருக்கு, 2017 ஜனவரிலேர்ந்து 18 செகண்ட். அந்த 18-ங்கிற தகவல் சாட்டிலைட்லேர்ந்து வர 12.5 நிமிஷம் வரைக்கும் ஆகலாம், அதுவரைக்கும் மாட்யூல் தன் ஃபர்ம்வேர்ல இருக்கற பழைய நம்பர வச்சு ஒரு குத்துமதிப்பு நேரம் குடுக்கும். 4 டப்பாவ மாட்யூல் நல்லா சூடானப்புறம் செட் பண்ணேன், 5ஆவதுக்கு மாட்யூல கழட்டி பேட்டரி போயி புதுசா ஆன் பண்ணி ஒரு நிமிஷத்துலயே எழுதிட்டேன். பல்ஸ் பின் சரியாதான் அடிக்கும், ஆனா அது எந்த செகண்டுங்கிற பேர்தான் தப்பு. ஜிபிஎஸ்தான் வேணும்னா ஆன் பண்ணி கால் மணி நேரம் வெயில்ல வச்சிட்டு அப்புறம் எழுதுங்க. இல்லன்னா ஒத்த டைபோல் சொன்ன வயரே போதும், நரிங்களுக்கு உலக நேரம் எதுக்கு, அதுங்களுக்குள்ள ஒத்துமையா இருந்தா போதாதா.

அப்புறம் அந்த நீல கலர் டிஎஸ்3231 மாட்யூல் வாங்கினா ஒரு ஜாக்கிரதை. அதுல பட்டன் செல்ல சார்ஜ் பண்ற மாதிரி ஒரு டயோடும் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் ஆகற செல்லுக்குதான் அது, நாம சாதா சிஆர்2032 போட்டு 5 வோல்ட்டுல விட்டா செல் உப்பிடும். அந்த ரெசிஸ்டர கழட்டிட்டு போடுங்க.


புது_நரி:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன். எல்லாம் மாத்திட்டேன். ஆர்டிசி போட்டாச்சு, சார்ஜிங் ரெசிஸ்டர் எடுத்தாச்சு, மூணு செல் ஆக்கியாச்சு, கவுன்ட்டர்பாய்ஸ் டப்பாவ சுத்திதான் கட்டியிருந்தேன், எப்படி கண்டுபிடிச்சீங்களோ தெரியல, அதையும் தள்ளி தரையில விரிச்சாச்சு. சிங்க் வயர் கோர்த்து ஒரே பட்டன்.

ஆனா ஒரு விசித்திரம். செகண்ட் 9 வரைக்கும் சரியா போகுது, 9-க்கு அப்புறம் 16-க்கு தாவுது, 25-க்கு அப்புறம் 32. நிமிஷமும் அப்படியே. நரி ஒண்ணு தன் நேரத்துக்கு முன்னாடியே அடிக்குது, இல்லன்னா அடிக்கவே மாட்டேங்குது. மாட்யூல் டூப்ளிகேட்டா?

அப்படியே இன்னொரு சந்தேகம், இதே டப்பாவ ஸ்பிரின்ட் ஆட்டத்துக்கும், 2 மீட்டர் பேண்டுக்கும் வச்சுக்கலாமா?


நரிக்காது:

மாட்யூல் நல்லாதான் இருக்கு. அதுக்குள்ள நேரம் பிசிடில எழுதியிருக்கும், பத்தாவது இடம் மேல் நாலு பிட், ஒண்ணாவது இடம் கீழ் நாலு பிட். நீ அத அப்படியே பைனரியா படிக்கற, அதான் 10-ங்கிறது உனக்கு 16-ஆ தெரியுது. மேல் பாதிய 10 ஆல பெருக்கி கீழ் பாதிய கூட்டு. எல்லாரும் ஒரு தடவ விழற குழிதான்.

ஸ்பிரின்ட்டுக்கு தாராளமா வச்சுக்கலாம். அதுல 12 செகண்ட் வீதம் ஒரு நிமிஷத்துல 5 நரியும் சுத்தி வந்துடும், அதனால நிமிஷத்தையே பாக்க வேணாம், செகண்ட 12 ஆல வகுத்தா வர்ற முழு எண்ணோட ஒண்ணு கூட்டினா அதான் நரி நம்பர். மெதுவா அடிக்கிற 5 ஒரு ஃப்ரீக்வென்சில, வேகமா அடிக்கிற 5 இன்னொரு ஃப்ரீக்வென்சில, 10 வார்த்தையும் 15 வார்த்தையும். இதுல மட்டும் நான் முன்னாடி சொன்ன அடங்கலன்னா ஆரம்பிக்காதங்கிறத மறந்துடு. எம்ஓ5 மெதுவா அடிச்சா 12 செகண்டுல ரெண்டு தடவதான் முழுசா அடங்கும், மீதி மூணு செகண்ட் சும்மா போச்சுன்னா கால்வாசி நேரம் வீண், திசை பாக்கறவனுக்கு அது பெரிய நஷ்டம். அங்க வார்த்தைய பாதில வெட்டினாலும் பரவால்ல, அவனுக்கு கேரியர்தான் வேணும். சிங்க்கும் இங்கதான் உண்மையிலேயே உதவும், 60 செகண்டுல ஒரு செகண்ட் தள்ளினா யாரும் கவனிக்க மாட்டாங்க, 12-ல ஒரு செகண்ட் தள்ளினா பக்கத்து நரியோட தலை போயிடும்.


ஒத்த_டைபோல்:

2 மீட்டருக்கு கன்ட்ரோலர் அதே, ஆர்எஃப் பக்கம் முழுக்க வேற. அங்க டோன் ஏத்தின ஏஎம், ஆன்டெனா கிடை. கையில இருக்கற எஃப்எம் வாக்கி-டாக்கிய கட்டிவிட்டா சும்மா விளையாட ஆகும், ஏஎம் ரிசீவர் வச்சு ஓடறவனுக்கு கேரியர் தெரியும், டோன் கேக்காது, எந்த நரின்னு தெரியாம முழிப்பான். வாக்கி-டாக்கியில டைம்-அவுட் 60 செகண்டுல வச்சிருந்தா அதையும் ஏத்தி வை, பிடிடிய, அதாவது அமுக்கி பேசற சுவிட்ச, ஆப்டோகப்ளர் வழியா இழு.

ஆர்டிசி போட்டதுக்கு ஒண்ணும் சொல்லல. வயர் போட்டதுக்கு சந்தோஷம்.


புது_நரி:

பிசிடிதான்! சரி பண்ணிட்டேன். நேத்து 3 மணி நேரம் ஓட்டினோம். நான் ஓடவே இல்ல, ஸ்டார்ட் பக்கத்துல ரிசீவர வச்சுக்கிட்டு வாட்ச்ச பாத்துட்டே உக்காந்திருந்தேன், கடைசி சுத்து வரைக்கும் ஒவ்வொரு நரியும் 00-ல டான்னு ஆரம்பிக்குது. கசிவும் போச்சு, 3ஆம் நரி பக்கத்துல ரெண்டு மீட்டர்ல நின்னு கேட்டேன், சத்தமே இல்ல.

நரிக்காது அண்ணே, ஒவ்வொரு தடவ பவர்-அப் ஆகறப்பவும் ஈப்ரோம்ல (பவர் போனாலும் அழியாத மெமரி) ஒரு கவுன்ட் ஏத்தற மாதிரி எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து படிச்சா 1, 3, 4, 5 எல்லாத்துலயும் 1. 2ஆம் டப்பாவுல 4. அதாவது நேத்தும் மூணு தடவ செத்து எழுந்திருக்கு, ஆட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல. ஒத்த டைபோல் அண்ணே படிச்சா திட்டுவாரு.


ஒத்த_டைபோல்:

படிச்சிட்டேன். தெரியாம மறைஞ்சு கிடக்குது பாரு, அதான் நான் சொன்னது. எதனால ரீசெட்னு சிப்பே சொல்லும், எம்சியூஎஸ்ஆர்னு ஒரு ரெஜிஸ்டர், பிரவுன்-அவுட்டா (வோல்டேஜ் விழுந்துச்சா), ரீசெட் பின்னா, வாட்ச்டாகான்னு தனித்தனி பிட். ஆனா சில பூட்லோடர் உன் கோடு ஓடறதுக்கு முன்னாடியே அத துடைச்சிடும், அதனால 2ஆம் டப்பாவுக்கு மட்டும் பூட்லோடர் இல்லாம ஐஎஸ்பி ப்ரோக்ராமர் வழியா ஏத்து. மொத வரில அந்த ரெஜிஸ்டர படிச்சு கவுன்ட் பக்கத்துலயே ஈப்ரோம்ல எழுதி வை. பிரவுன்-அவுட்னா செல்ல மாத்து, ரீசெட் பின்னுன்னா காக்கா சொன்ன கப்பாசிட்டர அந்த ஒரு டப்பாவுல விட்டிருப்ப.


புது_நரி:

திறந்து பாத்தேன். 2ல மட்டும் கப்பாசிட்டர் இல்ல. 4 தான் கையில இருந்துச்சு அன்னிக்கு. 73, நல்வாழ்த்துகள்.